ஜிபிஎஸ் காலத்தில் சிங்கப்பூருக்கு ஐந்து கலங்கரை விளக்கம் எதற்கு?

மரீன்பரேட்_செல்வி:
எங்கள் பேட்டையில் லகூன் வியூ அடுக்குமாடி ஒன்றின் மொட்டைமாடிக்கு மேலே பெடோக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை மின்னும். அதைப் பார்த்துவிட்டு என் மகன் கேட்கிறான், "எல்லாக் கப்பலிலும் ஜிபிஎஸ் இருக்கே, இதுக்கு எதுக்கு கரண்டு?" என்னிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்தால் சிங்கப்பூர் மொத்தம் ஐந்து கலங்கரை விளக்கங்களை நடத்துகிறதாம்: ஹார்ஸ்பர்க், ராஃபிள்ஸ், சுல்தான் ஷோல், பெடோக், அப்புறம் பூலாவ் பீசாங். அந்தக் கடைசித் தீவு மலேசியாவுக்குச் சொந்தமாம்! இந்தச் சின்ன நாட்டுக்கு இத்தனை எதற்கு? கடலில் வேலை செய்தவர்கள் யாராவது விளக்கினால் நல்லது.

பழைய_மாலுமி:
செல்வி, பையனின் கேள்வி நியாயமானதுதான். கப்பல் நிறுவனங்களின் கணக்குப் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள்.

நான் எண்ணெய்க் கப்பலில் செகண்ட் மேட்டாக, அதாவது கேப்டனுக்குக் கீழே வேலை செய்யும் அதிகாரியாக இருந்தவன். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் நிற்கிற வேலை. தென்சீனக் கடலிலிருந்து சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழையும்போது முதலில் வருவது ஹார்ஸ்பர்க். வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை போட்ட கோபுரம். இரவில் கோபுரம் தெரியாது, பத்து விநாடிக்கு ஒரு மின்னல்தான் அடையாளம். வானம் தெளிவாக இருந்தால் விளக்கு தெரிவதற்கு முன்பே அடிவானத்துக்குக் கீழிருந்து அதன் ஒளி மட்டும் லேசாக மேலெழும்பி அடங்கும். ஸ்டாப்வாட்சை அமுக்கி எண்ணுவோம். பத்து என்றால் ஹார்ஸ்பர்க். வேறு எண் வந்தால் நீங்கள் வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அதற்கப்புறம் திசைகாட்டியின் மேல் இருக்கும் வளையத்தைத் திருப்பி, விளக்கு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று எடுத்து வரைபடத்தில் கோடு போடுவோம். அந்தக் கோடும் ஜிபிஎஸ் சொல்லும் இடமும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் உடனே கேப்டனை எழுப்ப வேண்டும். விளக்கின் இன்றைய வேலை இதுதான். வழி காட்டுவது ஜிபிஎஸ், அது சரியாகக் காட்டுகிறதா என்று சொல்ல இன்னொரு சாட்சி வேண்டாமா?

ஜிபிஎஸ் முழுசாகச் செத்துவிட்டால் பரவாயில்லை, அலாரம் அடிக்கும். யாராவது போலிச் சமிக்ஞை அனுப்பிக் குழப்பினால்தான் ஆபத்து. திரையில் கப்பல் அழகாகப் போய்க்கொண்டே இருக்கும், நிஜத்தில் வேறிடத்தில் இருக்கும். 2025 ஜூனில் ஹோர்முஸ் பக்கம் எத்தனையோ கப்பல்களுக்கு இந்தக் குழப்பம் வந்தது. கருங்கல் கோபுரத்தை எந்த எதிரியும் ரேடியோ அலையால் நகர்த்த முடியாது.

பொத்தான்_பொறியாளர்:
அண்ணா, மரியாதையோடு கேட்கிறேன், இதில் கொஞ்சம் பழைய பாசம் கலந்திருக்கிறதோ? சாட்சிதான் வேண்டுமென்றால் ரேடார் இருக்கிறது. கரையின் வடிவத்தை ரேடாரில் பார்த்தே ஜிபிஎஸ்ஸைச் சரிபார்க்கலாம். இப்போது கப்பலுக்கு வழி காட்டும் மிதவையே இல்லாத இடத்தில், கப்பல்கள் தம் இருப்பிடத்தை ரேடியோவில் சொல்லும் ஏஐஎஸ் மூலம் திரையில் மட்டும் தெரிகிற மெய்நிகர் மிதவையை வைக்கிறார்கள். துருப்பிடிக்காது, பெயின்ட் வேண்டாம், கப்பல் மோதி உடையாது.

பழைய_மாலுமி:
தம்பி, ரேடாரை நான் எங்கே வேண்டாம் என்றேன்? ஹார்ஸ்பர்க்கிலேயே ரேகான் இருக்கிறது. கப்பலின் ரேடார் அலை அதில் பட்டால், திரையில் மோர்ஸ் எழுத்தாகப் பதில் வரும். ஏகப்பட்ட புள்ளிகளுக்கு நடுவில் "நான்தான் அந்தக் கோபுரம்" என்று கை தூக்குகிற மாதிரி. ஆக அந்தக் கோபுரம் விளக்காகவும் இருக்கிறது, ரேடாருக்கு அடையாளமாகவும் இருக்கிறது.

மெய்நிகர் மிதவை அவசரத்துக்கு ரொம்ப நல்லது. ஒரு கப்பல் மூழ்கினால் நிஜ மிதவை வந்து சேரும்வரை அதுதான் காப்பாற்றும். ஆனால் அது திரை வைத்திருப்பவனுக்கு மட்டும்தானே தெரியும்? எதிர்க்கரையில் இருக்கும் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவிலிருந்து வரும் சின்னப் படகுக்காரன் கண்ணுக்கு அங்கே வெறும் தண்ணீர்தான்.

இந்த நீரிணையில் பிழைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பிலிப் கால்வாய் பக்கம் வழி சுமார் 1.5 கடல் மைல்தான், அதாவது 2.8 கிலோமீட்டர். ஆண்டுக்கு 80,000-க்கும் மேல் கப்பல்கள் மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளைக் கடக்கின்றன. கிழக்கே போகிறவை தெற்குப் பாதை, மேற்கே போகிறவை வடக்குப் பாதை. பெரிய எண்ணெய்க் கப்பல் என்றால் அடிப்பகுதிக்கும் கடல்தரைக்கும் நடுவில் குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் இருந்தாக வேண்டும் என்று விதி. மூன்றரை மீட்டர்! அப்படிப் போகிறபோது குறுக்கே பாத்தாம் ஃபெர்ரி வரும், மீன்பிடிப் படகு வரும், பின்னணியில் கரை முழுக்க விளக்கு. மிதவையின் விளக்கு எது, ஹோட்டல் விளக்கு எது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு தேடுவோம்.

2017 ஆகஸ்ட் 21 காலை 5.24-க்கு அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன், அல்னிக் எம்சி என்ற டாங்கரோடு மோதியது. பத்து மாலுமிகள் செத்தார்கள். அது நடந்தது இந்தக் கிழக்கு வாசலில், ஹார்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில். அவர்களிடம் இல்லாத கருவியா? சுக்கான் கட்டுப்பாட்டை ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது குழம்பி, சுக்கானே வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

பொத்தான்_பொறியாளர்:
அந்த விபத்தைக் கலங்கரை விளக்கம் தடுக்கவில்லையே அண்ணா?

பழைய_மாலுமி:
தடுக்காதுதான், சுக்கானைப் பிடிக்கிற வேலை அதனுடையது இல்லையே. கருவி நிறைய இருந்தால் குழப்பமும் நிறைய வரும் என்பதற்குச் சொன்னேன்.

வரலாறு_வாணி:
நடுவில் புகுகிறேன், மன்னிக்கவும். ஹார்ஸ்பர்க் வந்த கதையைச் சொல்லாமல் இந்த இழை நகரக் கூடாது.

ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் ஸ்காட்லாந்துக்காரர். 1786-ல் அட்லஸ் என்ற கப்பலில் முதல் மேட்டாகப் போனபோது, தப்பான வரைபடத்தை நம்பிப் போய் டியேகோ கார்சியா தீவில் கப்பல் மோதி உடைந்தது. உயிர் தப்பிய மனுஷர் அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க வரைபடம் திருத்துவதையே வேலையாக்கிக்கொண்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நீர்வரைபட நிபுணராகவும் ஆனார். இந்தியா, சீனா பக்கம் போகும் கப்பல்களில் அவருடைய வழிகாட்டி நூல்தான் பல காலம் இருந்தது. 1836-ல் அவர் இறந்ததும் கான்டன் நகரத்து வியாபாரிகள் அவர் பெயரில் கலங்கரை விளக்கம் கட்டப் பணம் திரட்டினார்கள். எங்கே கட்டுவது என்பதில்தான் வருஷக்கணக்கில் இழுபறி. கவர்னர் பட்டர்வொர்த் முதலில் ஜோகூர்க் கரைக்குப் பக்கத்தில் உள்ள ரொமேனியா தீவுகளில் ஒரு பாறையைப் பார்த்து வைத்திருந்தார். லண்டன் கடற்படைத் தலைமையகம் பெட்ரா பிராங்கா என்ற பாறைதான் சரி என்றது.

பாறையின் நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். பறவை எச்சத்தால் வெள்ளையாகத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து சுமார் 24 கடல் மைல் கிழக்கே. அங்கே போய் கிரானைட் கோபுரம் கட்டுவது என்றால் சும்மாவா? பொறுப்பேற்றவர் ஜான் டர்ன்புல் தாம்சன், அரசு நில அளவையாளர், முப்பது வயதுகூட ஆகவில்லை. கல் பூலாவ் உபின் தீவில் வெட்டிப் படகில் வந்தது. வடகிழக்குப் பருவக்காற்று அடித்தால் பாறையில் கால் வைக்கவே முடியாது, அதனால் வருஷத்தில் பாதிதான் வேலை. சுற்றிலும் கடற்கொள்ளைக்காரர் பயம் வேறு, காவலுக்குப் பீரங்கிப் படகு. அடிக்கல் 1850 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாள். விளக்கு எரிந்தது 1851 அக்டோபர் 15. அந்தக் கோபுரம் இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. தாம்சன் பின்னால் நியூசிலாந்துக்குப் போய் அங்கே முதல் தலைமை நில அளவையாளர் ஆனார்.

அடுத்தது ராஃபிள்ஸ். 1854-ல் அடிக்கல், 1855 டிசம்பர் 1-ல் விளக்கு. நாட்டின் தெற்கு முனையில் பூலாவ் சாத்துமு தீவில். அதற்கு உழைத்தவர்களில் நம் ஆட்களும் உண்டு: மதராஸ், வங்காளம், பம்பாய் மாகாணங்களிலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே வந்த கைதிகள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டிய கைகளும் அவர்களுடையவைதான். கவர்னர், பொறியாளர் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. கல் சுமந்தவனுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

மரீன்பரேட்_செல்வி:
வாணி அக்கா, கைதிகள் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. பள்ளியில் ராஃபிள்ஸ் வந்தார், துறைமுகம் வந்தது என்பதோடு முடித்துவிட்டார்கள்.

ஜோகூர்_தம்பி:
எல்லாம் சரி லா. கட்டினதெல்லாம் சொல்றீங்க, பாறை யாருடையது என்று ஒருத்தரும் சொல்லலையே? எங்கள் ஊர்க்காரர்கள் அதை பூலாவ் பாத்து பூத்தே என்பார்கள். ஜோகூரிலிருந்து 7.7 கடல் மைல்தான். ஜோகூர் சுல்தானுடைய பாறையில் வெள்ளைக்காரன் விளக்கு வைத்தான், விளக்கைப் பார்த்துக்கொண்ட சிங்கப்பூர் கடைசியில் பாறையையே எடுத்துக்கொண்டது. வாடகைக்கு இருந்தவன் வீட்டுக்காரன் ஆன கதை.

சட்டக்கிறுக்கன்:
ஜோகூர்_தம்பி, உங்கள் ஆதங்கத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. 2008 மே 23-ல் ஹேக் நகர அனைத்துலக நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நான் முழுசாகப் படித்திருக்கிறேன் (வேலை வெட்டி இல்லாத ஒரு விடுமுறை). "இது யாருக்கும் சொந்தமில்லாத பாறை" என்ற சிங்கப்பூரின் வாதம் எடுபடவில்லை. ஆதியில் ஜோகூர் சுல்தானகத்துக்குத்தான் உரிமை என்றார்கள். அப்படியிருந்தும் 1980-க்குள் அந்த உரிமை சிங்கப்பூருக்குக் கைமாறிவிட்டது என்று 12-க்கு 4 என்ற கணக்கில் முடிவானது. அருகில் இருக்கும் மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு. தண்ணீர் வடிந்தால் மட்டும் தலைகாட்டும் சவுத் லெட்ஜ், அது எந்த நாட்டின் கடல் எல்லைக்குள் வருகிறதோ அந்த நாட்டுக்கு.

எப்படிக் கைமாறியது? விளக்கு எரித்ததால் மட்டும் இல்லை. அதுதான் எல்லோரும் தவறவிடும் இடம். 1953-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த மென்கியே, எக்ரேயோ தீவு வழக்கிலேயே இதே நீதிமன்றம், விளக்கும் மிதவையும் வைப்பது மட்டும் அரசுரிமைக்குப் போதுமான சான்று ஆகாது என்று சொல்லிவிட்டது. சிங்கப்பூர் அதற்கு மேலே செய்ததுதான் கணக்கில் வந்தது. பாறைக்குப் பக்கத்தில் கப்பல் விபத்து என்றால் விசாரணை நடத்தியது. மலேசிய அதிகாரிகள் அங்கே போவதற்குக்கூட சிங்கப்பூரின் அனுமதி வேண்டியிருந்தது. 1977-ல் ராணுவத் தகவல்தொடர்புக் கருவி நிறுவியது. இதற்கெல்லாம் மலேசியா வாய் திறக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கடிதம். 1953 ஜூனில் சிங்கப்பூர்க் காலனிச் செயலாளர், பாறையின் நிலை என்ன என்று ஜோகூரைக் கேட்கிறார். செப்டம்பர் 21-ல் ஜோகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதுகிறார்: பெட்ரா பிராங்காவின் உடைமையை ஜோகூர் அரசு கோரவில்லை. ஒரே வரி!

ஜோகூர்_தம்பி:
ஒரு தற்காலிக அதிகாரி எழுதிய ஒரு வரிக்கு ஒரு தீவா? அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா? உடைமை வேறு, அரசுரிமை வேறு இல்லையா?

சட்டக்கிறுக்கன்:
இந்த இரண்டையும் மலேசியாவின் வழக்கறிஞர்களும் எழுப்பினார்கள். நீதிபதிகள் ஏற்கவில்லை. என்னைக் கேட்டால் கடிதம் மட்டும் தனியாக இருந்திருந்தால் வழக்கு இன்னும் இறுக்கமாகப் போயிருக்கும். அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் மலேசியாவைக் கவிழ்த்தன. 1962-லிருந்து 1975 வரை வந்த மலேசிய அரசு வரைபடங்களிலேயே பாறைக்குக் கீழே சிங்கப்பூர் என்று போட்டிருந்தது. அது தன்னுடையது என்று 1979-ல் மலேசியா வரைபடம் போட்ட பிறகுதான் சண்டையே வந்தது. 1980 பிப்ரவரி 14-ல் சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது.

செல்வி கேட்ட பூலாவ் பீசாங் இங்கேதான் வருகிறது. அங்கே விளக்கு எரிய ஆரம்பித்தது 1886-ல். 1900-ல் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம், விளக்குக்கும் அதற்குப் போகும் பாதைக்கும் மட்டும் நிலம் எழுதிக் கொடுத்தார். தீவு ஜோகூருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, விளக்கை மட்டும் சிங்கப்பூர் நடத்துகிறது. 1968-ல் மலேசியா, பீசாங்கில் பறக்கும் சிங்கப்பூர்க் கொடியை இறக்கச் சொன்னது. சிங்கப்பூர் பேசாமல் இறக்கிவிட்டது. அதே கொடி பெட்ரா பிராங்காவிலும் பறந்தது. அதை இறக்கச் சொல்லி மலேசியா கேட்கவே இல்லை! இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி விளக்கு, ஒரே மாதிரி கொடி. ஒன்றுக்கு ஆட்சேபம் வந்தது, இன்னொன்றுக்கு வரவில்லை. நீதிபதிகள் இதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்கள்.

ஆக தம்பி, வாடகைக்காரன் கதை பீசாங்குக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும், அங்கே வாடகைக்காரன் வாடகைக்காரனாகவே இருக்கிறான்.

ஜோகூர்_தம்பி:
கொடி விஷயம் எனக்குப் புதுசு. சரி, எங்கள் ஆட்கள் கோட்டை விட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மலேசியா 2017-ல் கேட்டு 2018-ல் திரும்பப் பெற்றதற்கு இங்கே இன்னும் சண்டை நடக்கிறது, 2024-ல் அரச விசாரணை ஆணையம் வரைக்கும் போனது. மிடில் ராக்ஸில் இப்போது அபு பக்கார் கடல் தளம் கட்டியாகிவிட்டது. 2017 ஆகஸ்டில் சுல்தான் திறந்து வைத்தார். இனி அந்தப் பக்கம் யாரும் தூங்க மாட்டார்கள்.

நெறியாளர்:
2018 அரசியல் பற்றித் தனி இழை இருக்கிறது. இங்கே விளக்கோடு நில்லுங்கள் நண்பர்களே.

பொத்தான்_பொறியாளர்:
சட்டக்கிறுக்கன் சொன்னதைப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. விளக்கைவிட அங்கே ஆள் போய்வந்ததுதான் விலை மதிப்பானது. 1988-லேயே ஹார்ஸ்பர்க்கைத் தானியங்கி ஆக்கிவிட்டார்கள், சூரிய மின்சாரம். இருந்தும் ஆள் முறைபோட்டுப் போய்த் தங்கினார்கள். பல்பு மாற்றவா?

பழைய_மாலுமி:
பல்பு மாற்றவும்தான்! சூரியத் தகடு என்றால் சும்மா கிடக்கும் என்று நினைக்கிறாயா? உப்புக்காற்று படிந்து மங்கும், பறவை எச்சம் விழும், பாட்டரி வீங்கும். கண்ணாடி லென்ஸைத் துடைக்காவிட்டால் 20 கடல் மைல் தெரிய வேண்டிய விளக்கு நாளாக நாளாகக் கிட்டே வந்துவிடும். மிதவை இன்னும் மோசம். அடியில் சிப்பியும் பாசியும் மூட்டை மூட்டையாக ஒட்டும், சங்கிலி தேயும், கப்பல் இடித்துவிட்டு நிற்காமல் போகும். சங்கிலி அறுந்து இடம் மாறிய மிதவை இருக்கிறதே, அது இல்லாமலே இருப்பதைவிட ஆபத்து. அதனால்தான் எங்களுக்குப் பாடம்: மிதவையை நம்பாதே, நிலத்தில் ஊன்றியதை நம்பு.

நிறக் குழப்பம் வேறு. இங்கே துறைமுகத்துக்குள் வரும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. மணிலாவில், ஜப்பானில், அமெரிக்காவில் அப்படியே தலைகீழ். மணிலாவில் சரக்கு ஏற்றிவிட்டு நேராக இங்கே வரும் புது மேட்டுக்கு இதை இரண்டு தடவை சொல்லுவோம். எந்தப் பக்கமாகப் போனால் ஆபத்தில்லை என்று காட்டும் மஞ்சளும் கறுப்புமான திசை மிதவைகள் மட்டும் உலகம் முழுக்க ஒன்றுதான். வடக்கு என்றால் விளக்கு நிற்காமல் துடிக்கும், கிழக்கு மூன்று மின்னல், மேற்கு ஒன்பது, தெற்கு ஆறும் ஒரு நீளமும். கடிகார முள்ளை நினைத்துக்கொண்டால் மறக்காது.

மரீன்பரேட்_செல்வி:
இதற்கெல்லாம் காசு யார் கொடுக்கிறார்கள்? கப்பல்களிடம் சுங்கச்சாவடி மாதிரி வசூலா?

சட்டக்கிறுக்கன்:
அந்தக் காலத்தில் வசூல் உண்டு. 1852-ல் ஹார்ஸ்பர்க்குக்காகவே சட்டம் போட்டு, சிங்கப்பூருக்கு வரும் கப்பல்களிடம் விளக்குக் கட்டணம் வாங்கினார்கள். இன்றைக்கு நீரிணையைச் சும்மா கடந்து போகும் கப்பலிடம் கரையோர நாடு காசு கேட்க முடியாது, கடல் சட்ட ஒப்பந்தம் தடுக்கிறது. செலவு செய்வது இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர். லாபம் ஊருக்கெல்லாம். 1960களின் கடைசியிலிருந்து ஜப்பான் தானாக முன்வந்து விளக்குக்கும் மிதவைக்கும் உதவியது, அவர்களுடைய எண்ணெயெல்லாம் இந்த வழியாகத்தானே வருகிறது. 2007-ல் மூன்று நாடுகளும் சேர்ந்து ஒத்துழைப்பு ஏற்பாடு ஒன்றை உண்டாக்கி, விருப்பப்பட்ட நாடுகளும் சங்கங்களும் பணம் போட ஒரு நிதியும் வைத்தார்கள். விருப்பப்பட்டவர்கள் என்பதுதான் சிக்கல். பாதையை அதிகம் பயன்படுத்தும் கப்பல் முதலாளிகளில் பலர் உண்டியல் பக்கம் திரும்புவதே இல்லை.

வரலாறு_வாணி:
செல்வி, உங்கள் வீட்டுப் பக்கத்து விளக்கு பற்றி ஒரு துணுக்கு. 1903-லிருந்து 1958 வரை ஃபோர்ட் கேனிங் மலையில் ஒரு விளக்கு இருந்தது. கட்டடங்கள் மறைக்க ஆரம்பித்ததும் 1958-ல் ஃபுல்லர்டன் கட்டடத்து உச்சிக்கு மாற்றினார்கள். அப்புறம் கடலைத் தூர்த்து நிலம் எழும்பியது, அதன்மேல் கோபுரக் கட்டடங்கள் எழும்பின, ஃபுல்லர்டனும் மறைந்தது. அதனால் 1978-ல் பெடோக் விளக்கு உங்கள் மொட்டைமாடிக்கு வந்தது. தொடங்கிய நாளிலிருந்தே தானியங்கி. கடல்மட்டத்துக்கு 76 மீட்டர் மேலே இருப்பதால், ஹார்ஸ்பர்க்கின் 31 மீட்டர் இதற்குப் பாதிகூட இல்லை!

மரீன்பரேட்_செல்வி:
லிஃப்டில் போய்விடக்கூடிய கலங்கரை விளக்கம்! மகனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். இப்போது ஹார்ஸ்பர்க் போக வேண்டும் என்கிறான். போகலாமா?

பழைய_மாலுமி:
ஹார்ஸ்பர்க்கை மறந்துவிடச் சொல்லுங்கள், கிட்டே படகு போனாலே கடலோரக் காவல்படை வந்துவிடும். ராஃபிள்ஸ், சுல்தான் ஷோல் இரண்டுக்கும் கடல்துறை, துறைமுக ஆணையம் எப்போதாவது ஆட்களை அழைத்துப் போவது உண்டு, அறிவிப்பு வந்தால் உடனே பதிந்துவிடுங்கள். அதுவரை ஹார்பர்ஃபிரண்டுக்குக் கூட்டிப் போங்கள். ஃபுல்லர்டன் உச்சியிலிருந்து இறக்கிய பழைய விளக்கு அங்கே நிற்கிறது, காசு வேண்டாம். கண்ணாடியின் அடுக்குகளைக் கிட்டத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன விளக்கின் ஒளியை அது எப்படி ஒரே கற்றையாகத் திரட்டி அனுப்புகிறது என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பொத்தான் தம்பி பதில் சொல்லட்டும்.

பொத்தான்_பொறியாளர்:
சொல்லிவிடலாம் அண்ணா. ஃபிரெனல் லென்ஸுக்குத் தனி இழை தொடங்குகிறேன், படம் போட்டு.